நலமுள்ள பன்னிரண்டு பேர்

மார்ச் 4

நிதானம் தம்பிக்கு,

நலமா என்று கேட்பது வழக்கம். இந்த முறை வழக்கத்துக்காகக் கேட்கவில்லை. போனில் கூப்பிட்டால் நீங்கள் எடுக்க மாட்டீர்கள். கடிதத்தைக் கிழிக்கும் முன் ஒரு தடவையாவது படிப்பீர்கள் என்று நம்புகிறேன்.

ஈரல் நோயையும் ஈரல் புற்றுநோயையும் ரத்தத்தை வைத்தே சீக்கிரம் கண்டுபிடிக்கும் நம் ஆய்வுக்காக, போன வருடம் ஆய்வகத்தில் இருந்த பன்னிரண்டு பேரும் ரத்தம் கொடுத்தோம். நோயாளிகளோடு ஒப்பிட நலமுள்ளவர்களின் ரத்தம் தேவைப்பட்டது. வெளியே ஆள் தேடச் சோம்பல்பட்டு நம் கையையே நீட்டினோம். அதில் ஒரு குழாயில் மட்டும், ஈரல் நோயைக் காட்டிக்கொடுக்கும் மார்க்கர் எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. ரத்தத்தைப் பிரித்து உறைய வைத்தவர் நீங்கள். குழாயைக் குலுக்கிக் கெடுத்துவிட்டீர்கள் என்று சொல்லி அந்த முடிவைக் கணக்கிலிருந்து நீக்கினேன். அடுத்த மாதம் நீங்கள் வேலையை விட்டுப் போய்விட்டீர்கள்.

போன வாரம் புது இயந்திரம் வந்தது. அதைச் சோதிக்க, உறைய வைத்திருந்த பழைய ரத்தத்தை எடுத்து ஓட்டினோம். அதே குழாய் மறுபடியும் உயர்வாகக் காட்டுகிறது. புதிதாகச் சேர்த்த இரண்டு மார்க்கர்களும் உயர்ந்திருக்கின்றன. கெட்டுப்போன ரத்தம் பொய் சொல்லும். மூன்று மார்க்கரிலும் ஒரே பொய்யைச் சொல்லாது.

அது யாருடைய ரத்தம் என்று எனக்குத் தெரியாது. விதிப்படி பெயர்களை அழித்துவிட்டு எண்களை மட்டும் வைத்தோம். ஆகவே பன்னிரண்டு பேரும் மறுபடி ரத்தம் கொடுத்து, வயிற்று ஸ்கேனும் எடுக்க வேண்டும். நீங்களும் எடுத்துவிட்டு எழுதுங்கள்.

மனைவிக்கும் மகளுக்கும் என் அன்பு.

அக்கா


மார்ச் 13

மதிப்புக்குரிய ஆய்வகத் தலைவர் அவர்களுக்கு,

கடிதத்தைக் கிழிக்கவில்லை. இரண்டு தடவை படித்தேன்.

இங்கே நாங்கள் சௌக்கியம். டயர் கடைக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு ரத்தப் பரிசோதனை நிலையம் நடத்துகிறேன். காலையில் வெறும் வயிற்றோடு வருகிறவர்களின் கோபத்தைச் சமாளிப்பதே பாதி வேலை. மனைவி பணம் வாங்கிப் போடுகிறாள். மகளுக்குக் கல்லூரியில் இது கடைசி வருடம், தேர்வு மே கடைசியில்தான் முடியும். வீட்டில் தும்மக்கூட அனுமதி கேட்க வேண்டும்.

உங்களுக்கு மறந்திருக்கும். "நிதானம்னு பேர் வெச்சுக்கிட்டு இப்படியா குலுக்கித் தொலைப்பீங்க?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டீர்கள். கூடச் சிரித்தவர்களின் முகங்கள் எனக்கு வரிசையாக ஞாபகம் இருக்கின்றன.

எனக்கு ஒன்று மட்டும் விளங்கவில்லை. என் வேலை மோசம் என்றால் அந்தக் குழாயைப் பற்றிப் பேச்சே இல்லை, பன்னிரண்டு பேரும் நிம்மதியாகத் தூங்கலாம். வேலை சரி என்றால் நம்மில் ஒருவருடைய ஈரலில் ஏதோ இருக்கிறது. இரண்டில் எது என்று முடிவு செய்துவிட்டு எழுதுங்கள். அதுவரை மற்றவர்களைப் பாருங்கள். முதலில் கணக்காளரைப் பிடியுங்கள், அவர் ஊற்றிக்கொள்வது ஊருக்கே தெரியும். நான் ஒரு சொட்டுகூடத் தொட்டதில்லை.

இங்ஙனம்,
முன்னாள் ஊழியர்


ஏப்ரல் 2

தம்பிக்கு,

பதினொரு பேருக்கும் பரிசோதனை முடிந்தது. என்னையும் சேர்த்துத்தான். எல்லோருக்கும் ரத்தமும் சுத்தம், ஸ்கேனும் சுத்தம்.

கணக்காளரின் ஈரல் பச்சைக் குழந்தையின் ஈரல் மாதிரி இருக்கிறதாம். அன்றிலிருந்து அவரைக் கையில் பிடிக்க முடியவில்லை. இனி இரட்டிப்பாகக் குடிக்கலாம் என்று மருத்துவரே எழுதிக் கொடுத்த மாதிரி திரிகிறார். தரை துடைக்கிற அம்மா ஸ்கேன் அறையில் கோவென்று அழுதார். ஒன்றுமில்லை என்று சொன்னதும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அந்தப் படத்தக் கையோட குடுங்க, வீட்ல மாட்டி வெக்கிறேன்" என்றார்.

மீதி இருப்பது நீங்கள் ஒருவர்தான்.

முடிவு செய்துவிட்டு எழுதச் சொன்னீர்கள். செய்துவிட்டேன். நீங்கள் குழாயைக் குலுக்கவில்லை. உங்கள் வேலை சரி. இந்த வரியை எழுதிவிட்டு என்னால் சந்தோஷப்பட முடியவில்லை.

குடிக்காதவர்களுக்கும் வரும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. உங்களுக்குச் சர்க்கரை இருக்கிறது. கொழுப்பு படிந்த ஈரலில் சத்தமே இல்லாமல் தழும்பு விழும். அதில்தான் மற்றது முளைக்கும். இந்த வாரமே ஸ்கேன் எடுங்கள்.

அக்கா


ஏப்ரல் 11

அக்காவுக்கு,

"உங்கள் வேலை சரி" என்ற வரியை மனைவியிடம் உரக்கப் படித்துக் காட்டினேன். அதற்கு மேலேயும் கீழேயும் இருந்ததைப் படிக்கவில்லை. "இதுக்குத்தானே ஒரு வருஷமா மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டு இருந்தீங்க, இனிமேலாவது சிரிங்க" என்றாள். சிரித்தேன். அன்று அவள் நிலையத்தைச் சீக்கிரம் மூடி எங்களை வெளியே சாப்பிடக் கூட்டிப்போனாள்.

இங்கேயே என் ரத்தத்தை எடுத்து, ஈரலுக்கான வழக்கமான பரிசோதனையைப் போட்டுப் பார்த்தேன். எல்லாம் அளவுக்குள் இருக்கின்றன. பசி எடுக்கிறது, தூக்கம் வருகிறது, படியேறினால் மூச்சு வாங்கவில்லை. பழைய ரத்தத்தில் எந்தப் பேய் புகுந்ததோ தெரியாது, இப்போது இல்லை. மகளின் தேர்வு முடியட்டும், ஸ்கேனை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். அதுவரை இந்தப் பேச்சை விட்டுவிடுங்கள்.

உங்கள் மூட்டு வலி எப்படி இருக்கிறது? அதைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லையே.

நிதானம்


ஏப்ரல் 18

தம்பிக்கு,

மூட்டு வலி அப்படியே இருக்கிறது. அதனால் யாரும் செத்ததில்லை.

நீங்கள் போட்ட பரிசோதனை எதைக் காட்டும், எதைக் காட்டாது என்று உங்களுக்கு நான் பாடம் எடுக்க வேண்டாம். பாதி ஈரல் போன பிறகும் அந்த எண்கள் அளவுக்குள் நிற்கும். உங்கள் நிலையத்துக்கு வருகிற ஒருவர் இப்படிப் பேசினால் என்ன சொல்வீர்களோ அதை உங்களுக்கே சொல்லிக்கொள்ளுங்கள். தேர்வை மகள் எழுதப்போகிறாள், உங்கள் ஈரல் எழுதப்போவதில்லை.

மாத முடிவுக்குள் நீங்கள் ஸ்கேன் எடுக்கவில்லை என்றால் அடுத்த கடிதம் உங்கள் மனைவி பெயருக்கு வரும். எனக்கு யாரையும் மிரட்டிப் பழக்கமில்லை. சரியாக வந்திருக்கிறதா என்று தெரியவில்லை.

அக்கா


மே 6

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் மிரட்டல் சரியாகத்தான் வந்தது. ஆனால் மாத முடிவு வரை காத்திருக்கத் தேவைப்படவில்லை. கடிதத்தைப் பிரித்தது என் மனைவி. முதல் கடிதத்தையும் தேடி எடுத்துப் படித்தாள். கத்துவாள் என்று பார்த்தேன். கத்தவில்லை. சட்டையை எடுத்துக் கட்டிலில் போட்டு, "மாத்துங்க, போலாம்" என்றாள். நாங்கள் வரும்வரை நிலையத்துக்குப் பூட்டு.

ஸ்கேன் எடுத்த மருத்துவர் சின்ன வயசு. வயிற்றில் பசையைத் தடவிக்கொண்டே டயர் கடைக்காரன் தன்னை ஏமாற்றிய கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். கதை பாதியில் நின்றது. கருவியை அதே இடத்துக்குத் திரும்பத் திரும்பக் கொண்டுவந்தார். நம் தொழிலில் பேச்சு நின்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா?

அப்போது நான் என்ன வேண்டிக்கொண்டேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். நீங்கள் அன்று சொன்னதே உண்மையாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். நான்தான் குலுக்கினேன், வெயிலில் வைத்து மறந்துபோனேன், எனக்கு வேலையே தெரியாது. கூடிச் சிரித்தவர்கள் எல்லோரையும் கூப்பிட்டு இன்னொரு தடவை சிரிக்கச் சொல்லத் தயாராக இருந்தேன். எந்தத் தப்பைக் கேட்டிருந்தாலும் ஒப்புக்கொண்டிருப்பேன். ஆனால் நான் எதையும் குலுக்கவில்லை அக்கா.

ஒரு கட்டி. எலுமிச்சம்பழத்தை விடச் சின்னது. சுற்றிலும் தழும்பு. ஈரல் புற்றுநோயைக் காட்டும் ஏஎஃப்பி மார்க்கரும் ஏறியிருக்கிறது. அறுவை சிகிச்சை மருத்துவர் வெட்டி எடுத்துவிடலாம் என்கிறார். மீதி ஈரல் தாங்குமா, மறுபடி முளைக்குமா என்று கேட்டால், "மொதல்ல இத முடிப்போம்" என்கிறார். அங்கே எனக்கு ரத்தம் எடுத்த பெண் குழாயைப் பிடித்து ஓங்கிக் குலுக்கினாள். வேறு நாளாக இருந்தால் கத்தி ஊரைக் கூட்டியிருப்பேன். அன்று பஞ்சை அழுத்திக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன்.

இருபதாம் தேதி ஆபரேஷன். மகளுக்குத் தேர்வு முடியும்வரை சொல்லப்போவதில்லை. எனக்குக் குடலிறக்கம் என்று நினைத்துக்கொண்டு, "பாரமா எதையும் தூக்காதீங்கப்பா" என்று அதட்டுகிறாள்.

பயமாக இருக்கிறது. இதை வீட்டில் சொல்ல முடியவில்லை. என் முகம் வாடினால் மனைவி கல்லாப்பெட்டியைத் திறந்து திறந்து மூடுகிறாள்.

உங்கள் மேல் கோபம் இல்லை என்று எழுத உட்கார்ந்தேன். கொஞ்சம் இருக்கிறது. போன வருடமே இன்னொரு தடவை அந்தக் குழாயை ஓட்டிப் பார்த்திருக்கலாம். நானும் அன்றே முறைத்துக்கொண்டு போகாமல், ஓட்டிப் பாருங்கள் என்று நின்று சண்டை போட்டிருக்கலாம். இப்போது அதைப் பேசி ஆகப்போவது என்ன?

நீங்கள் கிளம்பி வாருங்கள். மருத்துவர்கள் சொல்வதில் எது உண்மை, எது ஆறுதல் என்று என் மனைவிக்குப் பிரிக்கத் தெரியாது. எனக்கு இனிமேல் பிரிக்கத் தைரியம் இல்லை. பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் ஒன்றும் ஆகாது என்கிறார்கள். உங்களுக்குத்தான் ஆறுதல் சொல்லவே தெரியாது. அதனால்தான் கூப்பிடுகிறேன்.

தம்பி