கோட்டுக்கு இந்தப் பக்கம்

அன்புள்ள பெரியவளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் உடம்பளவில் சுகம். நீயும் மாப்பிள்ளையும் அங்கே ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும், பேரனுக்குப் பல் முளைக்கிற காய்ச்சல் விட்டதா என்று எழுது. நாங்கள் மலையிலிருந்து திரும்பி ஒன்பது நாளாகிறது. தம்பியைக் கூட்டிக்கொண்டு வந்தீர்களா என்று நீ போனில் மூன்று தடவை கேட்டாய், மூன்று தடவையும் சிக்னல் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன், அத்தனை தூரத்தில் போனைக் காதில் வைத்துக்கொண்டு நீ என்ன செய்வாய், அதனால்தான் கடிதம். அவன் வரவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கடைசி வரி வரைக்கும் நீ ஆசையோடு படிக்க வேண்டாம்.

ரயில், அப்புறம் பஸ், அப்புறம் ஜீப் என்று இரண்டு நாள் போனோம். அந்த மலைக்காடு முழுவதும் தேசியப் பூங்கா. பூங்கா என்றதும் அப்பா பெஞ்சும் பூச்செடியும் இருக்கும் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது, கல்யாணத்துக்குப் போடுகிற செருப்பைப் போட்டுக்கொண்டு வந்தார். உள்ளே ஒரு குகை, ஒரு ஊற்று, எல்லாவற்றுக்கும் மேலே ஒரு ஏரி. பள்ளத்தாக்கு ஜனங்களுக்கு மூன்றும் சாமி, ஏரி பெரிய சாமி. அதன் தண்ணீரை யாரும் தொடக்கூடாது, சத்தம் போடக்கூடாது, தள்ளி நின்று பார்த்துவிட்டுத் திரும்பிவிட வேண்டும். அந்த ஏரிக்குத்தான் உன் தம்பி காவல். அவன் பெண்டாட்டி விட்டுவிட்டுப் போனபோது மூன்று மாசம் ஒதுங்கி இருந்துவிட்டு வருகிறேன் என்று போனவன், ஐந்து வருஷமாக வீட்டுப் படியை மிதிக்கவில்லை, உனக்குத் தெரியாததா. அப்பா புறப்படுவதற்கு முன் மூன்று வாரமாகக் கண்ணாடி முன்னால் நின்று ஒத்திகை பார்த்தார், நீ வர்றியா இல்ல நானும் இங்கயே உக்காந்துடவா, ரெண்டுல ஒண்ணு சொல்லு என்று. ஆனால் கீழே சோதனைச் சாவடியிலேயே அவர் கதை முடிந்துவிட்டது. அங்கே ஒரு நர்ஸ் எல்லோர் விரலிலும் ஒரு கிளிப்பை மாட்டி மூச்சு எப்படி என்று பார்க்கிறாள். தொண்ணூறுக்கு மேல் இருக்க வேண்டுமாம், அப்பாவுக்கு எண்பத்தொன்று காட்டியது. மேலே காற்றே கிடையாது, இவரை அனுப்பினா நான் வேலையை எழுதிக் குடுத்துட்டுப் போகணும் என்று சொல்லிவிட்டாள். நாற்பது வருஷம் லிப்ட் ரிப்பேர் பார்த்து ஊரையெல்லாம் மேலே ஏற்றிவிட்ட மனுஷன், ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து என் பையைத் தூக்கி என் கையில் கொடுத்தார். காதைப் பிடிச்சு இழுத்துட்டு வா என்றார். சொல்லும்போதே குரல் இறங்கிவிட்டது. நான் கிளம்பும்போது அந்த நர்ஸ் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, நீங்கதான் அவரோட அம்மாவா, எப்படியாவது கீழ கூட்டிட்டு வந்துடுங்கம்மா, இன்னொரு குளிர்காலம் மேல இருந்தா மீதிக்கு உத்தரவாதம் இல்ல என்றாள். மீதி என்றால் என்ன என்று கேட்பதற்குள் அடுத்த ஆள் விரலை நீட்டிவிட்டான்.

ஆறு மணி நேரம் கோவேறு கழுதை மேல் போனேன், நீ சிரித்துக்கொள். கழுதைக்காரர் நல்ல மனுஷர், வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். மேலே யாரைப் பார்க்க என்றார், சொன்னேன். அடடே, நம்ம கோட்டுக்காரரா என்றார். குளிருக்கு என் பிள்ளை நல்ல கோட்டாகப் போட்டிருக்கிறான் போல என்று எனக்கு ஒரு நிம்மதி. அப்புறம்தான் தெரிந்தது, ஏரிக்கு முன்னால் வெள்ளைக் கல்லை வரிசையாக அடுக்கி ஒரு கோடு போட்டிருக்கிறார்கள், அதைத் தாண்டாமல் ஆட்களை நிறுத்துவது அவன் வேலை, அந்தக் கோட்டுக்காரன். போட்டிருந்தது என்னவோ முழங்கையில் கிழிந்த பழைய ஸ்வெட்டர்.

குடிசை வாசலில் நின்றான். இளைத்துவிட்டான், கன்னமெல்லாம் கருத்து வெடித்திருக்கிறது. ஒரு கையால் என்னை அணைத்துக்கொண்டான், இன்னொரு கை கால்சட்டைப் பைக்குள்ளேயே இருந்தது. உள்ளே போய் டீ போட்டான். கெட்டிலைத் தூக்க இரண்டு கையும் வேண்டுமே, அப்போது பார்த்தேன். இடது கையில் சுண்டுவிரலும் மோதிர விரலும் இல்லை. வேரோடு இல்லை. அவனோ டீயில் சர்க்கரை குறைவு என்று சொல்கிற மாதிரி, ரெண்டு வருஷத்துக்கு முந்தின குளிர்லம்மா, வழி தவறிப்போன ஒருத்தரைத் தேடி ரெண்டு நாள் அலைஞ்சோம், கையுறை நனைஞ்சு போச்சு, ரெண்டுதான் போச்சு, எட்டு இருக்கே என்றான். தேடிப் போன ஆள் கிடைச்சாரா என்று கேட்டேன். கிடைச்சார்ம்மா, வருஷா வருஷம் வாழ்த்து அனுப்புறார் என்றான். யாரோ பெற்ற பிள்ளை பிழைத்ததற்கு சந்தோஷப்பட வேண்டும், எனக்கு அந்த நேரம் அந்த ஆள் மேல் ஆத்திரம்தான் வந்தது, கடவுள் மன்னிக்கட்டும்.

நீ உன் சிநேகிதி ஆபீசில் அவனுக்குப் பேசி வாங்கி அனுப்பிய வேலை உத்தரவை எடுத்துக் கொடுத்தேன். நிதானமாக இரண்டு தடவை படித்தான். அக்காகிட்ட நான் ரொம்ப சந்தோஷப்பட்டேன்னு சொல்லும்மா என்று அதே மடிப்பில் மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டான். கெஞ்சினேன். நர்ஸ் சொன்னதைச் சொன்னேன். அதட்டினேன், அப்பா மூச்சைக்கூடச் சாக்காகச் சொன்னேன். எல்லாவற்றையும் தலைகுனிந்து கேட்டுக்கொண்டிருந்துவிட்டு ஒன்று சொன்னான். அம்மா, அங்க தெருவுல இறங்கினா எல்லாரும் என் மூஞ்சியைப் பாத்து ஐயோ பாவம்னு நிக்கிறாங்க. இங்க வர்றவங்க யாரும் என்னைப் பாக்கறதில்ல, ஏரியைத்தான் பாக்கறாங்க. எனக்கு அது போதும்மா.

மறுநாள் காலையில் ஏரியைக் காட்ட அழைத்துப் போனான். பத்துப் பதினைந்து பேர் வந்திருந்தார்கள். பச்சையும் இல்லை நீலமும் இல்லை, அப்படி ஒரு நிறம், ஒரு சுருக்கம்கூட இல்லாத தண்ணீர். அதைப் பார்த்ததும் எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது. ஒரு கை அள்ளி அவன் கையில் தெளித்துவிட்டால் போதும் என்று தோன்றிவிட்டது, கல்வரிசையைத் தாண்டி ஒரு கால் வைத்துவிட்டேன். பின்னாலிருந்து, அம்மா, அங்கேயே நில்லும்மா என்றான். சத்தமே இல்லை, ஆனால் அந்தக் குரலை நான் இதுவரை கேட்டதில்லை. பெத்தவளுக்கும் கோடாடா என்றேன். எல்லாருக்கும் ஒரே கோடுதாம்மா, இது அவங்க சாமி, காலை எடு என்றான். அத்தனை பேரும் பார்த்தார்கள். எடுத்துவிட்டேன். அவன் சரியாகத்தான் செய்தான், உன் அப்பா பிள்ளை வேறு எப்படி இருப்பான். கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று கை கூப்பினேன். என்ன கேட்பது என்று தெரியவில்லை. அவனைக் கீழே அனுப்பு என்று கேட்டால் அது அவனுக்கு விரோதம், இங்கேயே நன்றாக வைத்துக்கொள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஒன்றும் கேட்காமல் திரும்பிவிட்டேன்.

மேலே தங்க எனக்குக் கொடுத்த அனுமதிச் சீட்டு அன்று மத்தியானம் வரைக்கும்தான். அவன் கையுறையில் காலியான இரண்டு விரலையும் மடித்து ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்தான், அதன் வழியாகக் காற்று போகாதா. இத்தனை வருஷத் தையல் வேலையில் எத்தனை ஊர்க்காரர்களுடைய கால்சட்டையைப் பிரித்துத் தைத்திருக்கிறேன், என் பையில் ஊசிநூல் இல்லாமல் இருக்குமா. கையை நீட்டுடா என்றேன். சின்ன வயசில் அளவு எடுக்க நிற்பானே, அதே மாதிரி மூச்சை அடக்கிக்கொண்டு நீட்டினான். கையுறையின் அந்த இரண்டு விரலையும் வெட்டி, உள்பக்கம் தழும்பு உறுத்தாமல் மடித்து, இரட்டைத் தையல் போட்டேன். அவனிடம் இருந்த மூன்று ஜோடி கையுறையையும் தைத்தேன். ஐந்து வருஷம் கழித்துப் பார்த்த பிள்ளைக்கு நான் செய்ய முடிந்தது அவ்வளவுதான்.

புறப்படுமுன் கீழே அப்பாவோடு வயர்லெஸ்ஸில் பேச வைத்தான். பேசி முடித்ததும் ஓவர் என்று சொல்ல வேண்டுமாம், மலை முழுக்க இருக்கிற காவலர்கள் எல்லோருக்கும் கேட்குமாம். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன், மூன்று வாரம் ஒத்திகை பார்த்தவர் ஆயிற்றே. கரகரவென்று சத்தம் வந்தது, சாப்பிட்டியாப்பா, ஓவர் என்றார். சாப்பிட்டேன்பா, நீங்க, ஓவர் என்றான். ம், ஓவர் என்றார். அதற்கு மேல் இரண்டு பேரிடமிருந்தும் ஒன்றும் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து வேறு ஏதோ ஒரு காவலர், ஐயா பேசுங்க, நாங்க யாரும் கேக்கல, ஓவர் என்றார்.

கீழே நான் தனியாக வந்து இறங்கியதைப் பார்த்துவிட்டு அப்பா போய்க் கழுதைக்குத் தண்ணீர் வைத்தார். விரல் விஷயத்தை அவர் தாங்க மாட்டார் என்று நான் சொல்லவில்லை. முந்தாநாள் துணி மடிக்க அறைக்குள் போனேன், அவர் இடது கையில் இரண்டு விரலை மடக்கிக்கொண்டு சட்டைப் பொத்தானைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நர்ஸ் அவரிடமும் சொல்லியிருக்கிறாள். நான் துணியை வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். ஒரே வீட்டில் இரண்டு பேரும் தெரியாத மாதிரி நடித்துக்கொண்டிருக்கிறோம்.

நீ அவனிடம் கோபித்துக்கொள்ளாதே, வேலை உத்தரவை மறுத்ததைக் குத்திக்காட்டி எழுதாதே. குளிர் வர இன்னும் நாலு மாசம் இருக்கிறது, அவன் மனசு மாறினாலும் மாறும், மாறாவிட்டாலும் நாம் என்ன செய்ய முடியும். உன் உடம்பைப் பார்த்துக்கொள், வேலை வேலை என்று வயிற்றைக் காயப்போடாதே. நீங்கள் மூவரும் தீர்க்காயுசாக, மனசு நிறைந்து இருக்க வேண்டும் என்று அப்பாவும் நானும் வாழ்த்துகிறோம். ஒன்றை மட்டும் மறக்காதே. வீட்டுக்கு வந்ததும் இந்த இரண்டு வருஷமாக அவன் அனுப்பிய போட்டோவையெல்லாம் போனில் எடுத்துப் பார்த்தேன், ஒவ்வொன்றிலும் இடது கை பைக்குள் இருக்கிறது, பெற்றவள் நான் ஒருநாள்கூடக் கவனிக்கவில்லை. அப்புறம் உன்னுடையதையும் பார்த்தேன். எல்லாமே கழுத்துக்கு மேல்தான் இருக்கிறது. இந்தக் கடிதம் கிடைத்ததும் வெளிச்சத்தில் முழுசாக நின்று, இரண்டு கையும் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ எடுத்து அனுப்பு.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா