அண்ணி இருக்கிறார்

ஜூஜுவாடி,
வியாழக்கிழமை.

அன்புள்ள கொழுந்தனார் ஹரீஷ்குமாருக்கு,

அண்ணி சம்பங்கி எழுதிக்கொண்டது. புனேயில் நீயும் அருணாவும் சுகந்தானே? இங்கே உன் அண்ணனுக்கு முழங்கால் வலி, என்னோடு பேசிப் பேசிக் காது வலி. இரண்டுக்கும் ஒரே தைலத்தைத் தடவிக்கொண்டு கிடக்கிறார்.

இந்தக் காலத்தில் கடுதாசியா என்று சிரிப்பாய். என்ன செய்ய, இப்போதெல்லாம் என் போனை நீ எடுப்பதில்லை. வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பினால் கேட்பதுமில்லை. தபால் ஆபீசில் விசாரித்தேன், கையெழுத்துப் போட்டுத்தான் வாங்க வேண்டும் என்கிற மாதிரி அனுப்பலாமாம். மாட்டினாயா? நாலாவது படித்தவள் எழுத்து. பிழை இருந்தால் திருத்திக்கொள், உன் தொழில்தானே.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். பிளாக் எழுதுகிறேன் என்று நீ சொன்னபோது, சினிமாக் கொட்டகையில் பிளாக்கில் டிக்கெட் விற்கிற மாதிரி ஏதோ என்று நினைத்துப் பயந்தேன். அப்புறம் படித்துப் பார்த்தேன். மாமா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வேலை கேட்டுக் கம்பெனி வாசலில் நின்றதையும், ஒருவரும் உள்ளே கூப்பிடாமல் திரும்பி வந்து அந்தச் சட்டையைத் துவைக்காமலே மடித்து வைத்ததையும் எழுதியிருந்தாய். எழுத்துக்கூட்டிப் படித்து முடிக்க எனக்கு ஒரு மத்தியானம் ஆயிற்று. அழுதேன். "எங்கப்பனுக்கு நானே அழுவல, நீ ஏண்டி அழுவுற"ன்னு உன் அண்ணன் சண்டைக்கு வந்தார்.

ஆனால் அதை நம் வீட்டு ஆட்களைத் தவிர யாரும் படிக்கவில்லை. டிராஃபிக் இல்லை, டிராஃபிக் இல்லை என்று புலம்பினாய். எங்க ஊருக்கு வா தம்பி, கர்நாடகா எல்லை வரைக்கும் லாரி நிற்கிறது, வேண்டிய மட்டும் ஓட்டிக்கொண்டு போ என்றேன். நீ சிரிக்கவில்லை. போன தீபாவளிக்கு வந்தபோதுதான் சிரித்துக்கொண்டே சொன்னாய், "எழுத்து காப்பங்குதான் அண்ணி, முக்காப்பங்கு மார்க்கெட்டிங். ஆளு வந்தாத்தான் எழுத்துக்கே மரியாதை"ன்னு. நானும் ஆமாம் போட்டேன். சாறு மணக்காவிட்டால் நான் கிண்டுகிற களிக்கு எவள் தட்டைத் தூக்கிக்கொண்டு வருவாள்?

அந்தச் சமயம் பார்த்துத்தான் எங்கள் காண்டிராக்டர் மாடசாமி உன்னைப் பிடித்தார். கம்பெனிக்குப் போகிற பெண்பிள்ளைகள் தங்குகிற ஹாஸ்டல் அவருடையது, சமையல் நான். நீ அடுப்படிக்கு வந்து, களித் துடுப்பைத் தோளில் சாய்த்துக்கொண்டு நான் சிரிக்கிற மாதிரி போட்டோ எடுத்தாய். நான் பிள்ளைகளைக் கேலி செய்வதையெல்லாம் எழுதினாய். "அண்ணி இருக்கிறார், அம்மாக்கள் நிம்மதியாகத் தூங்கலாம்" என்று தலைப்புப் போட்டாய். அடியில் என் போன் நம்பர். ஓசூரில் பெண்களுக்கு வேலை என்று யார் எங்கே தேடினாலும் முதலில் வருவது என் பல்தான் என்றார்கள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. காய்கறிக்காரன்கூட மேடம் என்று கூப்பிட்டான்.

நீ கேட்ட ஆள் வந்தது. அரூரிலிருந்து வந்தது, போச்சம்பள்ளிப் பக்கமிருந்து வந்தது. பாரூரிலிருந்து சுவாதி வந்தாள்.

அவள் அம்மா மாரம்மா கரும்பு வெட்டப் போகிறவள். போனில் இருந்த என் படத்தையும் என்னையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். நேரில் கொஞ்சம் கறுப்புத்தான், வேண்டாமென்றால் திருப்பிக் கொடுத்துவிடு என்றேன். அவள் சிரிக்கவில்லை. "உங்க மொகத்தப் பாத்துத்தான் உட்டுட்டுப் போறன்க்கா" என்று மட்டும் சொன்னாள். அந்தப் பெண் கால் உருண்டை களிதான் தின்னும். குருவி, குருவி என்று கூப்பிடுவேன். நாக்கைத் துருத்திக்கொண்டு ஓடும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நடந்தது உனக்கு முழுசாகத் தெரியாது. சொல்ல ஆரம்பித்தபோதே மீட்டிங் என்று போனை வைத்துவிட்டாய். காகிதத்துக்கு மீட்டிங் கிடையாது, படி.

காலையிலேயே வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். வலது பக்கம். உள்ளே நாங்கள் இருக்கும்போது கேட்டை வெளியில்தான் பூட்டுவார்கள், அது உனக்கும் தெரியும், நீ வந்த அன்றைக்கு உனக்காகத் திறந்துதானே விட்டார்கள். சாவி வாட்ச்மேனிடம். அவனுக்கு வார்டன் சரோஜம்மாள் சொல்ல வேண்டும். சரோஜம்மாளுக்கு மாடசாமி சொல்ல வேண்டும். போன் போட்டாள். ஞாயிற்றுக்கிழமையானால் எல்லாப் பெண்ணுக்கும் வயிறு வலிக்கும், ஊருக்குப் போக வழி அது, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கச் சொல்லு, அத்திப்பள்ளி போயிருக்கிற வேன் வந்ததும் அனுப்பலாம் என்றாராம். திறக்கச் சொல், ஆட்டோவில் நான் தூக்கிப் போகிறேன் என்று கத்தினேன். "என் வேலை போயிடும் சம்பங்கி, எனக்கும் ரெண்டு பொண்ணு இருக்குது"ன்னு சரோஜம்மாள் அழுதாள். நூற்றெட்டுக்குப் போட்டோம். வந்தார்கள். ஒன்றும் இல்லை, தெரியாமல் போட்டுவிட்டார்கள் என்று வாட்ச்மேன் திருப்பி அனுப்பிவிட்டான். நாங்கள் மாடி ஜன்னலிலிருந்து கூப்பிட்டது ரோட்டுச் சத்தத்தில் கேட்கவில்லை.

சீரகத் தண்ணி கொடுத்தேன், வாந்தி எடுத்தாள். மடியில் போட்டுக்கொண்டேன். எனக்கு வேறு என்ன தெரியும்? அவளுக்குக் கல்யாணம் ஆகி மாமியாரைக் களி கிண்ட வைக்கிற மாதிரி கதை கட்டிச் சொன்னேன். சிரித்துவிட்டாள். "சிரிக்க வெக்காதீங்கக்கா, சிரிச்சாக் குத்துது"ன்னு என் கையைப் பிடித்துக்கொண்டாள். கதையை நிறுத்திவிட்டுத் தலையைக் கோதிக்கொண்டிருந்தேன்.

வேன் வரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. குடல்வால் உள்ளேயே வெடித்துவிட்டது, காலையிலேயே வந்திருக்க வேண்டும் என்றார் டாக்டர். புதன்கிழமை போய்விட்டாள்.

மாரம்மா வந்தாள். அடிப்பாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். கிட்ட வந்து மெதுவாக, "அன்னிக்கி நீங்க லீவுலயா இருந்தீங்கக்கா?"ன்னு கேட்டாள்.

அதற்குப் பிறகும் நீ அந்தப் பதிவை எடுக்கவில்லை. போன மாதம் தூசி தட்டி, புதிதாக ஆட்கள் தேவை என்று மேலே ஒரு வரி சேர்த்து, என் படத்தைப் பெரிதாக்கியிருக்கிறாய். கேட்டதற்கு அது எவர்கிரீன் என்றாய். எனக்கு எவர்சில்வர்தான் தெரியும், இது என்ன பாத்திரம் என்றேன். என்றைக்கும் வாடாத பதிவு, எடுத்தால் நாலு வருஷமாகக் கட்டின பேர் போய்விடும் என்றாய். அதோடு விட்டாயா? "நான் ஒரு வரி பொய் எழுதல அண்ணி. நீங்க சிரிக்கறது பொய்யா? களி ருசி பொய்யா?"ன்னு கேட்டாய்.

நானும் உட்கார்ந்து மறுபடி எழுத்துக்கூட்டிப் பார்த்தேன். நீ சொன்னது சரி, ஒரு வரிகூடப் பொய் இல்லை. கேட்டைப் பற்றித்தான் ஒரு வரியும் இல்லை. மாமாவைப் பற்றி எழுதும்போது சட்டை மடிப்புக்கூட விட்டுப்போகவில்லையே தம்பி, இவ்வளவு பெரிய பூட்டு எப்படிக் கண்ணில் படாமல் போயிற்று? இதில் எது எழுத்து, எது மார்க்கெட்டிங் என்று எனக்குத் தெரியாது. நீதான் கால், முக்கால் என்று பங்கு பிரித்தவன்.

ஆகவே நான் ஒன்று செய்தேன். வேலையை விட்டுவிட்டேன். மாடசாமி சம்பளம் கூட்டித் தருகிறேன் என்றார், புதிதாக வருகிற பிள்ளைகளோடு இன்னொரு போட்டோ மட்டும் எடுத்துக்கொள் என்றார். துடுப்பை வைத்துவிட்டு வந்துவிட்டேன். கஞ்சிக்கு என்ன வழி என்று உன் அண்ணன் கேட்கிறார். உங்கள் தம்பி பொய் எழுதமாட்டானாம், அதற்காகத்தான் விட்டேன் என்றேன். அவருக்கு விளங்கவில்லை. உனக்கு விளங்கும். இன்றைய தேதிக்கு உன் தலைப்பின் முதல் இரண்டு வார்த்தையே பொய். அண்ணி அங்கே இல்லை. இனியாவது எடுத்துவிடு.

போன் மட்டும் நிற்கவில்லை. தினமும் யாராவது ஒரு தாய் கூப்பிடுகிறாள். அனுப்பாதீர்கள் என்கிறேன். சிலர் கேட்கிறார்கள். ஒரு அப்பன், "வேலைய உட்டுத் தூக்கிட்டானுங்கன்னு எரிச்சல்ல பேசறியா, படத்துல அப்பிடி சிரிக்கறியே"ன்னு திட்டினான். நீ எழுதினதை நம்புகிறார்கள், நான் சொல்வதை நம்பவில்லை. அவ்வளவு நல்ல எழுத்து உனக்கு.

எடுத்துவிட்டு, முடிந்தால் சுவாதியைப் பற்றி எழுது. மாமாவைப் பற்றி எழுதின கையால் எழுது. யாரும் வராவிட்டால் பரவாயில்லை, பாரூருக்குப் போய் மாரம்மாவுக்கு நான் படித்துக் காட்டுகிறேன்.

திங்கட்கிழமை காலையில் ஐந்து பிள்ளைகளை ஏற்றிப்போகக் கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டுக்கு வேன் வருகிறது. சரோஜம்மாள்தான் திருட்டுத்தனமாகச் சொன்னாள். நான் முதல் பஸ்ஸுக்கே போய் அங்கே நிற்கப் போகிறேன். அந்தப் பிள்ளைகள் எப்படி இருப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. அவர்களுக்கு என்னைத் தெரியும். கூட்டத்தில் என்னைப் பார்த்ததும் பையைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவார்கள். ஓடி வருகிறவர்களிடம் முதல் வார்த்தை என்ன சொல்வது என்றுதான் மூன்று நாளாக யோசிக்கிறேன்.

அருணாவுக்கு ஏழாம் மாதம் என்று நேற்றுத்தான் காதில் விழுந்தது. பாரம் தூக்கவிடாதே. ராத்திரி தனியாக விடாதே. ஒரு வலி என்று அவள் சொன்னால் என்ன ஏது என்று கேட்டுக்கொண்டு நிற்காதே, உடனே தூக்கிக்கொண்டு ஓடு. வளைகாப்புக்கு என்னைக் கூப்பிட்டாலும் கூப்பிடாவிட்டாலும் என் ஆசீர்வாதம் உங்களுக்கு உண்டு. உனக்குப் பெண்பிள்ளையே பிறக்கட்டும் தம்பி.

இப்படிக்கு,
உன் அண்ணி
சம்பங்கி