ஒரே பாலம், இரண்டு விளக்கு

மார்ச் 4, செவ்வாய்

காலையில் அலுவலக வாசலில் ஏணி போட்டிருந்தார்கள். பெயின்டர் பெயர்ப்பலகையில் ஒரே ஒரு சொல்லை மட்டும் அழித்துக்கொண்டிருந்தார். "கூட்டு" அப்படியே இருக்கிறது. "அலுவலகம்" அப்படியே இருக்கிறது. நடுவில் இருந்த "பாதுகாப்பு" போய் "வணிக" வருகிறது.

இரண்டு நாடும் சேர்ந்து ஆற்றைக் காவல் காத்த காலம் முடிந்ததாம். இனிமேல் சேர்ந்து வியாபாரம். "துப்பாக்கி போய் தராசு வருது, நல்லதுதானேம்மா?" என்கிறார் கேன்டீன்காரர். நல்லதுதான். யார் இல்லை என்றது? எனக்கு மட்டும் ஏன் கசக்கிறது என்று தெரியவில்லை.

தெரியும்.

மார்ச் 5, புதன்

எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் நாளைக்கு யார் மேலாவது பாய்ந்துவிடுவேன்.

எல்லை ஆற்றின் பாலத்தில் ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் போக முடியும். இரு கரையிலும் காவல் சாவடி, சாவடிக்கு ஒரு நீல விளக்கு. எங்கள் கரையில் அது விட்டு விட்டு எரிந்தால் "வா, வழி காலி". அவர்கள் கரையில் விட்டு விட்டு எரிந்தால் "நில், எங்கள் வண்டி வருகிறது". கூட்டு ரோந்து என்று கைகுலுக்கிப் படம் எடுத்துக்கொண்ட பெரிய மனிதர்கள் ஒருவருக்கும் இதைக் கேட்கத் தோன்றவில்லை.

தம்பி ரோந்து வண்டி ஓட்டுநர். ஒரு பனிமூட்டமான காலையில் எதிர்க்கரையில் நீல விளக்கு விட்டு விட்டு எரிவதைப் பார்த்தான். கூப்பிடுகிறார்கள் என்று போனான். எதிரே அவர்களுடைய கவச வண்டி. இவன் வண்டி கைப்பிடிச் சுவரை உடைத்துக்கொண்டு ஆற்றில் விழுந்தது.

விசாரணை அறிக்கை: ஓட்டுநரின் கவனக்குறைவு. எல்லாவற்றுக்கும் முட்டிக்கொள்ளும் இரண்டு நாடும் இந்த இரண்டு சொல்லில் மட்டும் ஒத்துப்போயின. அந்த இரண்டு சொல்லை அவர்கள் மொழியில் எடுத்துச் சொன்னது யார்? நான்தான். எங்கள் தரப்பு மொழிபெயர்ப்பாளர் நான்தானே. சம்பளம் வாங்குகிறேனே.

அதன் பிறகு ஒவ்வொரு வருடமும் எங்கள் தரப்பு இயக்குநரிடம் கேட்டுவிட்டேன். விளக்கு முறையை ஒன்றாக்குங்கள் சார். "அது இறையாண்மைப் பிரச்சினைம்மா" என்பார். அவர்கள் வழக்கத்துக்கு நாம் மாறினால் நமக்குக் குறைவாம். நம் வழக்கத்துக்கு அவர்கள் மாறினால் அவர்களுக்குக் குறைவாம். விளக்குக்கு இருக்கிற மரியாதை கூட என் தம்பிக்கு இல்லை.

மார்ச் 11, செவ்வாய்

தம்பி மகள் ஸ்வீட் பாக்கெட்டோடு வந்தாள். கனரக வாகன லைசென்ஸ் எடுத்துவிட்டாளாம். சரக்கு கம்பெனியில் வேலையும் கிடைத்துவிட்டதாம். "பாலத்துலதான் அத்தை ஓட்டணும். அவங்க மொழி கொஞ்சம் சொல்லிக் குடுங்களேன்."

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. "உலகத்துல வேற வேலையே கிடைக்கலையாடி உனக்கு?"

அந்த அறிக்கைக்குப் பிறகு பள்ளிக்கூடத்தில் இவளுக்கு "கவனக்குறைவு" என்றே பட்டப்பெயர். அதைக் கேட்டு வளர்ந்தவள் திருப்பிக் கேட்டாள்: "அப்பா மேல தப்பில்லைன்னுதானே எப்பவும் சொல்வீங்க? அப்போ நான் ஏன் ஒதுங்கிப் போகணும்?"

ஸ்வீட் பாக்கெட்டை எடுத்து உள்ளே வைத்தேன். அவள் அம்மா பேச்சையே நிறுத்திவிட்டாள், பாத்திரங்கள்தான் பேசுகின்றன.

மார்ச் 20, வியாழன்

விளக்கைப் பற்றி இயக்குநரிடம் மறுபடியும் கேட்டேன். "பார்க்கலாம்மா." பார்த்துக்கொண்டே இருங்கள்.

ஏப்ரல் 2, புதன்

வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

முதல் வணிகக் கூட்டம். பாலத்தின் இரு கரையிலும் ஒரே விளக்கு முறை இல்லாமல் ஒரு லோடு தண்ணீர்க் குழாய்க்குக்கூடக் காப்பீடு தர முடியாது என்று காப்பீட்டு நிறுவனம் சொல்லிவிட்டது. அவ்வளவுதான். டீ வருவதற்குள் முடிந்துவிட்டது! இனி இரு கரையிலும் பச்சை என்றால் வா, சிவப்பு என்றால் நில். இறையாண்மை எங்கே போனதோ, ஒருவரும் தேடவில்லை.

அதையும் பல்லைக் கடித்துக்கொண்டு மொழிபெயர்த்தேன். அதோடு விட்டிருந்தால் வீட்டுக்கு வந்து அழுதிருப்பேன். இயக்குநர் விடவில்லை. "நான் ஒன்றைத் தெளிவுபடுத்த விரும்புகிறேன். இந்த மாற்றத்துக்கும் இதற்கு முன் நடந்த எந்தச் சம்பவத்துக்கும் தொடர்பில்லை" என்றார். என் பக்கம் பார்த்தார். நான் சொல்ல வேண்டும். எங்கள் தொழிலில் பேசுகிறவர் "நான்" என்றால் நாங்களும் "நான்" என்றுதான் சொல்ல வேண்டும். அவர் வாயாக இருந்து, தொடர்பில்லை என்று நான் சொல்ல வேண்டும்.

"சொல்ல மாட்டேன்" என்றேன். எங்கள் மொழியிலேயே.

"தொடர்பு இருக்கு. என் தம்பி இந்தப் பாலத்துலதான் செத்தான். அந்தக் கரை விளக்கு நில்லுன்னு சொன்னது, அவன் வான்னு நினைச்சுப் போனான். அவனுக்கு யாரும் சொல்லிக் குடுக்கல. கவனக்குறைவு அவனோடது இல்ல, இந்த மேசையோடது. தண்ணிக் குழாய் ஏத்திட்டுப் போற லாரிக்கு ஒரே நாள்ல விளக்கை மாத்திக் குடுக்கிறீங்களே, ஒரு மனுஷனுக்கு ஏன் குடுக்கல?"

அந்தப் பக்கத்து அதிகாரிகள் யாருக்கும் புரியவில்லை. இயக்குநர் சிரித்த முகத்தோடு, "இதை மொழிபெயர்க்க வேண்டாம்" என்றார். இந்த அறையில் இரண்டு மொழியிலும் சொல்லப்பட்டதுதான் கூட்டக் குறிப்பில் ஏறும். ஒரு மொழியோடு நின்றது நடக்கவே நடக்காதது.

அப்போது இருமல் கேட்டது.

அவர்கள் தரப்பு மொழிபெயர்ப்பாளர். நான் வைத்த பெயர் இருமல்காரர். வாய் திறக்கும் முன் ஒரு இருமல், எப்போதும். இத்தனை வருடத்தில் என்னோடு தலையசைப்புக்கு மேல் ஒரு பேச்சுக் கிடையாது. மனிதர் எழுந்து நின்றார். நான் சொன்னது அத்தனையையும், ஒரு சொல் விடாமல், அவர்கள் மொழியில் சொன்னார். எங்கள் வழக்கப்படியே சொன்னார். "என் தம்பி இந்தப் பாலத்தில்தான் செத்தான்."

என் தம்பி என்றார்.

அந்தப் பக்கத்து எழுத்தர் எழுதினார். அதைப் பார்த்து எங்கள் எழுத்தரும் எழுதினார்.

ஏப்ரல் 3, வியாழன்

பணியிடை நீக்கம். "உணர்ச்சிவசப்படுறது நம்ம வேலைக்கு ஆகாதும்மா" என்றார் இயக்குநர். "காப்பீட்டுக்காரன் முறைச்சதும் உங்களுக்கு வந்துச்சே, அதுக்கு என்ன பேர் சார்?" என்று கேட்டுவிட்டு வந்தேன். போகட்டும் வேலை.

ஏப்ரல் 9, புதன்

இருமல்காரரையும் தூக்கிவிட்டார்களாம். பாலத்துக்கு அந்தப் பக்கம், சாவடியில் லாரிச் சீட்டு பார்க்கும் வேலை. ஆற்றுக்காற்றில், அந்த நெஞ்சோடு! பாவிகள்.

ஜூன் 17, செவ்வாய்

கடிதம் வந்தது. தம்பி விசாரணை அறிக்கையில் "கவனக்குறைவு" நீக்கப்பட்டு, "இரு நாட்டு விளக்கு விதிகள் வேறுபட்டதால் நேர்ந்த விபத்து" என்று திருத்தியிருக்கிறார்கள். மன்னிப்பு என்று ஒரு எழுத்து இல்லை. மனம் மாறியெல்லாம் செய்யவில்லை. கூட்டக் குறிப்பைப் படித்த காப்பீட்டு நிறுவனம், பழைய விபத்துக்கு என்ன காரணம் என்று எழுதிக் கேட்டதாம். கடைசியில் இதுவும் சரக்குக்காகத்தான். கிழித்துப் போடலாமா என்றிருந்தது.

தம்பி மனைவி என் கையிலிருந்து வாங்கி இரண்டு முறை படித்தாள். உள்ளே போய் மகளின் யூனிஃபார்மை இஸ்திரி போட ஆரம்பித்தாள்.

செப்டம்பர் 8, திங்கள்

என்னை ஆவண அறையில் போட்டிருக்கிறார்கள். தம்பி மகளுக்குப் பாலத்தில் முதல் ஓட்டம், இன்று லீவு சொல்லிவிட்டேன்.

நானும் தம்பி மனைவியும் நம் கரையில் நின்றோம். எதிர்க்கரையில் பச்சை விழுந்தது. லாரி நகர்ந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். "போயிட்டா அண்ணி, போயிட்டா" என்று அவள் என் கையைப் பிசைந்த பிறகுதான் திறந்தேன்.

மத்தியானம் தம்பி மகள் வீட்டுக்குத் திரும்பி வந்தாள். கை கழுவிக்கொண்டே சொன்னாள்:

"அந்தக் கரையில சீட்டு பார்க்கிற ஒரு தாத்தா, ஒரே இருமல். என் பேரைப் படிச்சாரு, அப்பா பேரையும் படிச்சாரு. அப்புறம் பக்கத்துல இருந்த காவலர்கிட்ட அவங்க மொழியில, 'இவ என் தம்பி பொண்ணு, பார்த்து அனுப்பு'ன்னாரு. நீங்க சொல்லிக் குடுத்ததுல எனக்கு நல்லாவே புரிஞ்சுது. ஆனா அவர் ஏன் அத்தை அப்படிச் சொன்னாரு? தப்பாச் சொல்லிட்டாரோ?"

"இல்லடி. சரியாத்தான் சொல்லியிருக்கார்" என்றேன்.

அவளுக்கு நல்ல பசி. சாப்பாடு போட்டேன்.