ஸ்பிரிங்கும் மூன்றரைச் சங்கும்

ஜன. 4, திங்கள்

பனி. எதிர் வீடு தெரியவில்லை. குழாயில் தண்ணீரும் இல்லை.

என் நாய் ஸ்பிரிங் நேற்று மறுபடி சுவர் தாண்டி வீட்டு ஓனரம்மாவின் கோழிகளைத் துரத்தியிருக்கிறது. கோழி சாகவில்லை, முட்டைதான் நின்றுவிட்டதாம். வாசலில் நிற்க வைத்து விசாரணை. பாதி தெலுங்கில் திட்டு. புரியாதது நல்லது.

"அடங்குற நாயின்னா இருக்கட்டும். இல்லேன்னா காவேரிப்பட்டணத்துல எங்க தம்பி மாந்தோப்பு இருக்குது. அவன் ஜீப்பு வந்தா ஏத்தி உட்டுடுவேன்."

கம்பெனி விளையாட்டு விழாவில் இந்த வருடம் புதிதாக நாய்த் தடை ஓட்டம். (மேனேஜரிடம் அல்சேஷன் இருக்கிறது, அதனால்.) பெயர் கொடுத்திருக்கிறேன். "23ஆம் தேதி வந்து பாருங்கம்மா, அடங்குதா இல்லையான்னு" என்று சொல்லித் தொலைத்தேன். வருகிறாராம். எல்லாம் என் வாய்க்கொழுப்பு.

ஜன. 6, புதன்

வேண்டியவை: செங்கல், மூங்கில் கழி 5, பழைய டயர், அடி வெட்டிய டிரம் (டூல் ரூமில் கேட்க), பிஸ்கட்.

தாண்டு என்றால் கழிக்கு அடியில் நுழைகிறது. டிரம்முக்குள் போனது, வரவே இல்லை. முட்டி போட்டுக் கெஞ்சினேன். ரோட்டில் போன ஒருத்தர்: "சாரு நாய்க்குச் சொல்லித் தர்றாரா, நாய் சாருக்கா?"

ஜன. 10, ஞாயிறு

பொமரேனியன் என்று சொல்லி விற்றான். வால் மட்டும்தான் பொமரேனியன். காலை முழுக்க மைதானம். மூன்று கழி தாண்டியது. நான்காவதைக் கவ்விக்கொண்டு ஓட்டம். ஓங்கி ஒரு அடி வைத்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் அதுவே வந்து கையை நக்குகிறது. வெட்கம்.

விருதுநகரை விட்டு வந்து மூன்று வருடம். அறையில் பேச்சுத்துணை இது ஒன்றுதான். இதுவும் மாந்தோப்புக்குப் போய்விட்டால் வேலை விட்டு எதற்கு அறைக்குத் திரும்புவது?

ஜன. 13, புதன்

கம்பெனி வாச்மேன் மாதப்பா: "டிரெய்னிங் எதுக்கு சார்? ஷிப்ட் முடியற மூணரைச் சங்கு ஊதுனா எங்கிருந்தாலும் கேட்டுல ஆஜர். நீங்க வெளிய வர்ற வரைக்கும் அசையறதே இல்ல."

பெருமைதான். வெளியே வந்ததும் கேன்டீன் பன்னில் பாதி அதற்கு. ஒரு நாளும் தவறியதில்லை. வீட்டுக்குப் போய் டீ குடித்து, ஐந்து மணிக்குப் பயிற்சி. இன்றும் டயருக்குள் நுழையவில்லை.

ஜன. 19, செவ்வாய்

ஐந்து கழி, டயர், டிரம். எல்லாம்! இரண்டு தரம்! எனக்கு ஜலதோஷம், ஆனால் பரவாயில்லை. 23க்கு லீவு எழுதிக் கொடுத்தாயிற்று.

ஜன. 23, சனி

பதினொன்றுக்கு என்றார்கள். சிறப்பு விருந்தினர் பெங்களூரிலிருந்து வர வேண்டும். பன்னிரண்டு. ஒன்று. இரண்டு. முதல் வரிசையில் ஓனரம்மா, குடையோடு, என்னை முறைத்தபடி.

ஒருவழியாக ஆரம்பம். மேனேஜரின் அல்சேஷன் டயரைக் கண்டதும் படுத்துக்கொண்டது. யாரும் சிரிக்கவில்லை. எங்கள் முறை வந்தபோது மணி மூன்றரை ஆகப்போகிறது. வாட்ச் பார்க்கத் தோன்றாத மடையன் நான்.

ஐந்து கழியும் தாண்டியது. டயர். கைதட்டல். டிரம்முக்குள் நுழையும்போது சங்கு.

மறுபக்கம் வெளியே வந்தது. என்னைப் பார்க்கவில்லை. கயிறு தாண்டி, ரோடு தாண்டி, கம்பெனி கேட். போய் உட்கார்ந்தது. தொண்டை கிழியக் கத்தினேன். திரும்பவில்லை. நான் மைதானத்தில் நிற்கிறேன், அது எனக்காகக் கேட்டில் காத்திருக்கிறது.

மைக்கில்: "அடுத்த நாய்."

ஓடிப்போய்ப் பக்கத்தில் நின்றேன். ஒரு தரம் வாலாட்டிவிட்டு மறுபடி கேட்டையே பார்க்கிறது. தூக்கினால் திமிறுகிறது. மாதப்பா: "இப்பிடி வந்தா செல்லாது சார். உள்ள போயிட்டு வாங்க." சின்னக் கதவைத் திறந்துவிட்டார்.

லீவு நாளில் உள்ளே போய், கேன்டீனில் பன் வாங்கி, ஷிப்ட் முடிந்த கும்பலோடு வெளியே வந்தேன். அப்போதுதான் மார்பு உயரம் பாய்ந்தது. எல்லாருக்கும் சிரிப்பு. எனக்கு அழுகை.

ஓனரம்மா பின்னாலேயே வந்து நின்றிருக்கிறார். குடையை மடக்கினார். "அடங்குற நாயிதான் இது. நீங்கதான் நிக்க வேண்டிய எடத்துல நிக்கல." நாலடி போய்த் திரும்பி: "ஜீப்பு வாணாம்னு தம்பிகிட்ட சொல்லிடறேன். கோழிக்குக் கூண்டு நீங்கதான் கட்டித் தரணும்."

நாளை: கம்பி வலை, ஆணி. கழி வாங்க வேண்டாம், ஐந்து இருக்கிறது.