அறுபத்திரண்டு புள்ளி

ஜூன், மூன்றாம் ஞாயிறு

அறுபத்திரண்டு! மூன்று தடவை கூட்டிப் பார்த்துவிட்டேன்.

தனியாக ஆடும் இந்த விவசாயப் பலகை விளையாட்டில் இதுவரை நான் நாற்பத்தெட்டைத் தாண்டியதில்லை. இன்று பூசை முடிந்து வந்து, தோட்டத் தொழிலாளர் லயத்தில், எங்கள் ஒற்றை அறைக் காம்பிராவில் கட்டில்மேல் பலகையை விரித்தேன். கடைசிச் சுற்றில் ஒரு கட்டம்கூட வெறுமையாக இல்லை. கோதுமை வயல், ஆட்டுப்பட்டி, ஐந்து அறைக் கல்வீடு.

"அப்பா, ஓடி வாங்க!" என்று கத்தியே விட்டேன்.

ஹந்தானைத் தோட்டத்தில் முப்பது வருடம் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டியவர் அப்பா. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வயலையும் விரலால் தொட்டார்.

"எல்லாம் ஒன் காணியா?"

"ஆமாப்பா."

"காணி உறுதி குடுத்துட்டாங்களா?"

சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. விளையாட்டுப் பெட்டியில் அப்படிப் பத்திரம் எதுவும் இல்லை என்றேன்.

"அப்ப எந்திரின்னு சொன்னா எந்திரிச்சுப் போகணுமே."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. உறுதி இல்லாத இதே காம்பிராவில் பிறந்தவள் நான். இத்தனை ஆட்டத்தில் ஒருநாளும் எனக்கு அது தோன்றவில்லையே!

பலகை இன்னும் கட்டிலில்தான் கிடக்கிறது. கல்வீட்டுக்குள் ஆட்டத்தில் என் குடும்பமான ஐந்து மரப்பொம்மைகள். அவர்களை எழுப்ப மனம் வரவில்லை. நான் கீழே பாயில் படுக்கிறேன்.