வில்கின் அடித்த பந்து

அன்புள்ள எலூத்தேரியோவுக்கு ஃபிடெலினா எழுதுவது. மூட்டுவலி தேவலையா? மாத்திரையை ஒளித்து வைக்காமல் விழுங்குங்கள். நான் சௌக்கியம்.

நம் பேரன் வில்கினின் பேஸ்பால் அணி இந்த ஊருக்கு ஆட வந்தது. சலவை வேலைக்கு லீவு போட்டுவிட்டுப் போனேன். நகரத்து நடுவிலே கூரையில்லாத மைதானம், மண்டை காய்ந்தது. பெரிய அணியில் அவன் அடித்த முதல் ஹோம் ரன், எல்லையைத் தாண்டிப் பறந்து வந்து நேரே என் மடியில் விழுந்தது! உடனே சுற்றியிருந்தவர்கள், "திருப்பி எறி!" என்று கத்துகிறார்கள். வெளியூர் அணி அடித்த பந்தை வைத்துக்கொள்ளக் கூடாதாம், அப்படியொரு வழக்கம்.

பக்கத்துத் தடியன், "கை வலிக்குதா பாட்டி? நான் எறியட்டுமா?" என்றான்.

"உன்னையும் சேத்து எறிவேன். அடிச்சது என் பேரன்டா!"

பிறகு மைதானத்து ஆள் வந்து, வில்கின் கேட்கிறான், பந்தைக் கொடுத்தால் மட்டை தருகிறோம் என்றான். எனக்கெதற்கு மட்டை?

"வந்ததுலேர்ந்து ஓட்டல்லயே கிடக்கான். என் வீட்டுக்கு வர நேரமில்லையாம். பந்து வேணும்னா அவனையே வந்து வாங்கிக்கச் சொல்லு."

வந்தான். சோறும் பீன்ஸும் இரண்டு தட்டு சாப்பிட்டான். கொல்லையிலிருந்து ஓரிகானோ இலை கொஞ்சம் அனுப்புங்கள், இங்கே கிடைப்பதில் மணமே இல்லை. நான் வேலைக்குப் போகிற பஸ் வந்துவிட்டது, முடிக்கிறேன். வில்கின் பந்தை மேசைமேலேயே மறந்துவிட்டுப் போனான். நான் ஞாபகப்படுத்தவில்லை.

உங்கள் ஃபிடெலினா