இங்கனதான் இருக்கேன்

ஆனி, வெள்ளிக்கிழமை.

கஸ்டமர் கேர்ல போன் எடுத்துட்டிருந்த என்னை அதே கம்பெனி ஏஐ டீமுக்கு ஏத்தி விட்டப்ப, அம்மா திருப்புல்லாணியில தெருவுக்கே கேசரி கிண்டிக் குடுத்தாங்க. இன்டர்வியூகூட வைக்கலை. அப்பவே யோசிச்சிருக்கணும்.

மெஷின் கஸ்டமர்கிட்ட ஒழுங்காப் பேசுதான்னு ஊர்ல அம்மாகூட வீட்டுல இருந்தே கேட்டுச் சொல்றதுதான் இப்ப என் வேலை. இன்னைக்குச் சாயங்காலம் புதுசா ஒரு ரெக்கார்டிங் வந்துச்சு. நெட் வரலைன்னு ஒருத்தர் கத்த, மெஷின் சொல்லுது: "பொறுங்கண்ணே, இங்கனதான் இருக்கேன், எங்கயும் போகமாட்டேன்."

அது நான் சொல்றது. கோவமா வர்றவங்ககிட்ட நான் மட்டும் சொல்றது. எழுதிக் குடுத்ததை மட்டும் பேசுன்னு மேனேஜர் சுதா அதுக்காகவே என்னைத் திட்டியிருக்காங்க.

அவங்களுக்குப் போன் போட்டு, இந்த வார்த்தை எங்க இருந்து வந்துச்சுன்னு கேட்டேன்.

"அது உன் குரல் இல்லப்பா. நிறைய பேர் குரலைக் கலந்து பண்ணுனது."

நான் குரலைப் பத்திக் கேட்கவே இல்லையே.

ஹெட்போனைக் கழட்டிட்டு ஸ்பீக்கர்ல மறுபடி ஓட விட்டேன். நான் வாயே திறக்கலை. அடுப்படியில இருந்து அம்மா சத்தம் போட்டாங்க:

"இருக்கேன் இருக்கேன்னு அங்கனயே உக்காந்திருக்காம வந்து சாப்புடுத்தா. தோசை ஆறுது."